சான்றிதழ் ஒருவரிடம், பேச்சு இன்னொருவரிடம்

திருகோணமலைக்கு அருகே, நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது புறாத்தீவு. அங்கே போகிறவர் முதலில் சந்திப்பது அனுமதிச்சீட்டு எழுதும் உத்தியோகத்தரை. அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன்பின் போகும்போதும் இறங்கும்போதும் திரும்பும்போதும் அவரோடு இருப்பவர் படகோட்டிதான். முருகைக்கல்லில் கால் ஊன்றாதீர்கள் என்று சொல்வதும், சொல்லாமல் விடுவதும் அவர். கருமுனைச் சுறாவைக் கண்டு பதறுகிறவரிடம் அது ஆளைத் தேடி வராது என்று தேற்றுவதும் அவரே. இந்தத் தீவு 1963இல் சரணாலயமானது. 2003இல் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டேயர் பரப்பில் தேசியப் பூங்காவானது. இந்தப் பூங்காவின் ‘இயற்கை மையம்’ எது என்று கேட்டால் நான் அந்தப் படகைத்தான் காட்டுவேன். இயற்கை மைய ஊழியரின் தொழில் மேம்பாடு, தொழில் தொடர்புகள் என்றெல்லாம் நாம் பேசும்போது இந்தப் படகு நினைவுக்கு வருவதில்லை. பயிற்சி பெறுபவர் ஒருவர், பார்வையாளரிடம் பேசுபவர் இன்னொருவர் என்றிருப்பதே நடைமுறையிலுள்ள முறையின் அடிக்கோளாறு; மற்றக் குறைகள் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

முறையின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குக் கிரித்தலையில் தனிப் பயிற்சி நிலையம் உண்டு. சட்டம் தெரியாத காவலர் கடலில் அதட்டலாம். ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் நிற்காது. எதைச் சான்றாக எடுப்பது, அறிக்கையை எப்படி எழுதுவது என்பவை அனுபவத்தால் தாமாக வருவன அல்ல. ஓர் ஊருக்குள்ளேயே இருப்பவருக்கு எட்டாத ஒப்பீட்டையும் பயிற்சி தருகிறது. 1998இல் கடல் சூடேறி முருகைக்கற்கள் வெளிறியபோது இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் பேரழிவு நேர்ந்தது. திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பிக்கொண்டது. நிலாவெளியிலேயே பிறந்து கடலிலேயே வளர்ந்தவருக்கும் இது கண்ணால் காணக்கூடிய செய்தி அல்ல. அழிவு நேர்ந்த கரையிலுள்ள ஹிக்கடுவையில் என்ன மடிந்தது என்று அறிந்தவருக்கே புறாத்தீவில் எஞ்சியிருப்பதன் அருமை தெரியும். செயலமர்வுகளைச் சாப்பாட்டுப் பொதியும் கோப்புறையும் என்று கேலி பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனாலும் அந்தக் கேலிக்குக் காரணம் இருக்கிறது. கிரித்தலையைச் சூழ்ந்திருப்பவை மின்னேரியா, கவுடுல்லை தேசியப் பூங்காக்கள். யானையும் குளமும் காடும் கண்முன் இருக்கும் இடம். அங்கே பயிற்சி நிலத்தின் பக்கம் சாய்வது இயல்பு. கடற்பூங்காவின் வேலையோ வேறு வகை. நீரோட்டம், நங்கூரம், சுழியோடுவோரின் பாதுகாப்பு, நீருக்கடியில் கணக்கெடுப்பு ஆகியவற்றை உப்புத் தண்ணீருக்கு வெளியே கற்பிக்க முடியாது. பருவமும் குறுக்கே நிற்கிறது. நம் நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது. ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவழித்துவிடும் அவசரம் எந்த அலுவலகத்துக்கும் புதிதல்ல. அதே மாதங்களில்தான் கிழக்கில் வாடை அடித்துக் கடல் கொந்தளிக்கிறது. ஆண்டுக் கடைசியில் வைக்கப்படும் கடற்பயிற்சி மண்டபத்துக்குள் திரைக்காட்சியாகச் சுருங்காமல் என்ன செய்யும்? இவற்றைவிடப் பெரிய இழப்பு இடமாற்றம். சான்றிதழ் ஆளின் பெயரில் இருக்கிறது. ஆள் மாறியதும் அதுவும் அவரோடு போய்விடுகிறது. எந்தப் பாறையருகே எந்த மாதத்தில் சுறாக் குட்டிகள் திரியும் என்ற அறிவு மட்டும் கரையிலேயே, படகோட்டியிடம், எந்தக் கோப்பிலும் ஏறாமல் கிடக்கிறது.

தொழில் தொடர்புகளிலும் இதே சாய்வுதான். மாநாட்டுக்குப் போய்வரும் ஊழியருக்குக் கொழும்பிலும் நிதி வழங்கும் நிறுவனங்களிலும் அறிமுகம் கிடைக்கிறது. தொடர்பு மேல்நோக்கியே வளர்கிறது. திருகோணமலையின் சிக்கல்களோ பக்கவாட்டுத் தொடர்பையே கேட்கின்றன. பூங்கா எல்லைக்கு உள்ளே வனஜீவராசிகள் திணைக்களம், வெளியே கடற்றொழில் திணைக்களம், கடலெங்கும் கடற்படை, எண்ணெய்க் கசிவு என்றால் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபை. டைனமைற் வைத்து மீன் பிடிப்பவர் இந்த எல்லைகளைப் பார்த்து வெடிவைப்பதில்லை. பிரட்றிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்களையே எடுத்துக்கொள்ளலாம். கோட்டைக்குள் இராணுவம், உச்சியில் கோணேசர் கோயில், வெளியே நகரக் குப்பை. பொலித்தீனை மெல்லும் மானுக்குப் பொறுப்பாளி யார் என்று ஒரு மேசையைச் சுற்றியிருந்து கேட்க ஆள் வேண்டும். மொழி இந்த மேசையை இன்னும் நீளமாக்குகிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எவரும் தனிப் பெரும்பான்மையாக இல்லாத மாவட்டம் இது. ஒரே மொழியில் நடக்கும் பயிற்சி எதுவாயினும் பாதிப் பேரைத் தலையாட்டும் பொம்மைகளாக்கிவிடும்.

உள்ளூரில் வலை பின்னிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்த ஐயத்தைத் தட்டிவிட முடியாது. யால தேசியப் பூங்காவில் ஒரு சாரதி சிறுத்தையைக் கண்டால் கைபேசி வழியே சேதி பரவி ஜீப்புகள் மொய்த்துவிடுகின்றன. மிரிஸ்ஸவில் ஒரு திமிங்கிலத்தைச் சுற்றிப் படகுகள் நெருக்கியடிப்பதும் அதே கதைதான். இவையும் தொழில் வலையமைப்புகளே, அதுவும் வெகு திறமையானவை. வலை நல்லது கெட்டது பார்க்காது; அதில் ஓடுவதைக் கடத்தும், அவ்வளவுதான். திருகோணமலைக்கு இது தொலைவிலுள்ள ஆபத்து அல்ல. கடலடிப் பள்ளத்தாக்கு துறைமுக வாயில்வரை வருவதால் நீலத் திமிங்கிலங்கள் இங்கே கரையிலிருந்தே தென்படுவதுண்டு. ஆகவே தொடர்பு மட்டும் போதாது. எத்தனை மீற்றர் தள்ளி நிற்பது, எத்தனை படகுக்கு மேல் போகக் கூடாது என்ற பொது அளவுகோல் அதற்குள் ஓட வேண்டும். அந்த அளவுகோலைத் தரக்கூடியது முறையான பயிற்சி. நான் குறைசொல்வது பயிற்சியை அல்ல. அது படகை எட்டாமல் நின்றுபோவதை.

படகோட்டி அரச ஊழியர் அல்லர், அவருக்கு ஏன் பொதுப்பணம் என்பது இன்னொரு மறுப்பு. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை சம்பளப் பட்டியலில் இல்லாத வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் உரிமமும் வழங்குகிறது. ஊழியர் அல்லாதவரைத் தகுதிப்படுத்தும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது கடலுக்குள் இன்னும் போதிய அளவு இறங்கவில்லை, அவ்வளவே. உள்ளூரோடு நின்றால் கிணற்றுத் தவளையாகிவிடுவோம் என்பாருக்கும் விடையுண்டு. அமெரிக்காவில் இயற்கை மைய நிர்வாகிகளுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. வேறு மையங்களை நடத்துகிறவர்கள் ஒரு மையத்துக்கு நேரில் வந்து அதன் வேலையை ஆராய்ந்து ஆலோசனை சொல்லும் ஏற்பாடு அங்கே உண்டு. ஆலோசகர் கரைக்கு வருகிறார். கரை மாநாட்டுக்குப் போவதில்லை. ஹிக்கடுவைப் பூங்கா ஊழியர் ஒரு வாரம் நிலாவெளியில் இருந்து பார்ப்பதற்குப் பெரும் பணம் வேண்டாம். கடலுக்கு அப்பால் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் 21 தீவுகளை உள்ளடக்கி அமைக்கப்பட்டது. அழிந்த முருகைக்கல்லை மீள நடும் வேலையைத் தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. அவர்களோடு பேச மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. மீன்பிடி எல்லைச் சச்சரவு இந்த உரையாடலைக் கடினமாக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரு கரைத் தமிழரும் கடலைப் பற்றிச் சச்சரவில் மட்டுமே பேசிக்கொள்வது அந்தச் சச்சரவையும் தீர்க்கவில்லை.

இதற்குப் புதிய நிறுவனம் எதுவும் வேண்டாம். நாட்காட்டியைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை நடக்கும். வாடைக் காலத்தில் படகுகள் கரையேறிக் கிடக்கும்; படகோட்டிகளுக்கு நேரமிருக்கும். சட்டமும் முதலுதவியும் திணைக்களங்களுக்கு இடையிலான பேச்சும் அந்த மாதங்களுக்கு உரியவை. இடம் மாறி வரும் உத்தியோகத்தருக்கு இடத்தின் அறிவைப் படகோட்டிகள் சொல்லிக் கொடுத்து, அதைப் பூங்கா அலுவலகத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைப்பதற்கும் அதுவே காலம். பங்குனியில் கடல் அடங்கி, சுற்றுலாக் கூட்டம் வந்து சேருமுன் இருக்கும் சில வாரங்கள் தண்ணீருக்கு உரியவை. நங்கூரத்தை முருகைக்கல்லில் போடாமல் எங்கே போடுவது என்பதே முதல் பாடம். அன்றைக்கு உத்தியோகத்தரும் படகோட்டியும் ஒரே படகில் இருக்க வேண்டும்.