ஆளில்லாக் கடற்கரை: ‘தி பீச்’ நாவலும் திரைப்படமும் – திணை நோக்கில் ஒரு திறனாய்வு

முன்னுரை

விடுமுறையைக் கடற்கரையில் கழிப்பது இன்று உலகெங்கும் பரவியுள்ள வழக்கமாகும். முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு, குறைந்த செலவில், பல மாதங்கள் நாடு சுற்றும் இளைஞர் கூட்டம் 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தென்கிழக்காசியத் தீவுகளைப் பெரிதும் நாடி வந்தது. இம்முதுகுப்பைப் பயணிகளின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ஆங்கிலப் புனைவுகளுள் பலரும் அறிந்தது, அலெக்ஸ் கார்லண்ட் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி பீச்’ என்னும் நாவல். டேனி பாயில் இயக்கத்தில், லியனார்டோ டிகாப்ரியோ நடிப்பில், 2000ஆம் ஆண்டில் அது திரைப்படமாகவும் வெளிவந்தது. இவ்விரு படைப்புகளும் கடற்கரை என்னும் நிலத்தை எவ்வாறு காண்கின்றன என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

தாய்லாந்துக் கடற்கரைக்கு நெய்தல் என்று பெயர்சூட்டுவது நம் நோக்கமன்று. நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள், அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலிய கருப்பொருள், மாந்தர் ஒழுக்கமாகிய உரிப்பொருள் என மூன்றாகப் பகுத்துக் காணும் தொல்காப்பிய நெறி, எந்நிலத்தைப் பற்றிய எழுத்தையும் ஆராய உதவும் வினாக்களை நமக்குத் தருகிறது. அங்கே யார் வாழ்கின்றனர்? என்ன உண்கின்றனர்? என்ன தொழில் செய்கின்றனர்? இவ்வினாக்களை ‘தி பீச்’சின் முன் வைக்கும்போது அதன் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படுகின்றன.

நாவலின் நிலம்

பாங்காக்கின் காவோ சான் சாலையில் உள்ள மலிவான விடுதியொன்றில் கதை தொடங்குகிறது. அங்கே தங்கும் ரிச்சர்ட் என்னும் ஆங்கிலேய இளைஞனிடம் அடுத்த அறையிலிருந்த டாஃபி என்பவன் ஒரு தீவின் வரைபடத்தை விட்டுவிட்டுத் தற்கொலை செய்துகொள்கிறான். எத்தியன், ஃபிரான்சுவாஸ் என்னும் பிரெஞ்சு இணையருடன் ரிச்சர்ட் அத்தீவைத் தேடிச் செல்கிறான். தாய்லாந்து வளைகுடாவில், சுற்றுலாப் பயணிகள் தங்கத் தடைசெய்யப்பட்ட கடற்பூங்காப் பகுதியில் அத்தீவு அமைந்துள்ளது. அங்கே சால் என்னும் பெண்ணின் தலைமையில் ஒரு சிறு குடியிருப்பு மறைவாக வாழ்கிறது. அத்தீவின் மறுபுறம் கஞ்சாத் தோட்டம். அதற்குத் துப்பாக்கி ஏந்திய காவலர்.

இந்நிலத்தின் முதற்பொருள் குறைவின்றி அமைந்துள்ளது. மணல், கடல், அருவி, இரவு ஆகியவை தெளிவாகப் புலனாகின்றன. ஆனால் அந்நிலத்துக்குரிய மாந்தரை நாம் காண்பதில்லை. குடியிருப்பில் வாழ்வோர் பெரும்பாலும் மேலைநாட்டினர். கதைப்போக்கை நடத்தும் பாத்திரங்களுள் பெயருடைய தாய்லாந்தவர் எவரும் இல்லை. விடுதிப் பணியாளராகவும் படகு வாடகைக்கு விடுபவராகவும் காவலராகவும் அவர்கள் வந்து மறைகின்றனர். ரிச்சர்டின் மனமோ வியட்நாம் போர்த் திரைப்படங்களில் மூழ்கிக் கிடக்கிறது. தன் முன் இருக்கும் நாட்டை அவன் திரையில் கண்ட வேறொரு நாட்டின் வழியாகவே பார்க்கிறான்.

இக்குறை கதைசொல்லியின் குறையேயன்றி ஆசிரியரின் குறையன்று எனச் சிலர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. குடியிருப்பில் அரிசி கெட்டுப்போக, ரிச்சர்டும் ஜெட் என்பவனும் கோ பங்கன் தீவுக்குச் சென்று அரிசி வாங்கிவரும் பகுதி இதற்குச் சான்று. உலகைத் துறந்துவிட்டதாக எண்ணும் அக்கூட்டம், யாரோ ஓர் உழவர் விளைத்த அரிசியை நம்பியே வாழ்கிறது. கேளிக்கை மிகுந்த அக்கடற்கரையில் பயணியர் கூட்டத்தைக் காணும் ரிச்சர்ட் அவர்களை வெறுக்கிறான். தானும் அவர்களுள் ஒருவனே என்பதை அவன் உணரவில்லை. இவ்வெள்ளலை ஆசிரியர் அறிந்தே அமைத்துள்ளார். எனினும், அவ்வரிசியை விளைத்தவரின் பார்வையை நாவல் ஓரிடத்திலும் நமக்கு அளிக்கவில்லை. பயணியின் மயக்கத்தை நாவல் கண்டிக்கிறது. ஆனால் அம்மயக்கத்துக்கு வெளியே அது ஓரடியும் எடுத்து வைக்கவில்லை.

திரைப்படம் மாற்றியவை

திரைப்படத்தில் ரிச்சர்ட் அமெரிக்கனாகிறான். நாவலின் குருதி தோய்ந்த முடிவும் தணிக்கப்பட்டுள்ளது. ஆயின் ஒரு காட்சியில் படம் நாவலைவிட மேம்படுகிறது. கஞ்சாத் தோட்டத்தின் தலைவன், தான் ஓர் உழவன் என்றும், தன் குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டியவன் என்றும், இங்கே ஆட்கள் பெருகினால் தன் பிழைப்புக் கெடும் என்றும் கூறுகிறான். கருப்பொருளாகிய தொழில் முதன்முறையாக இங்கே வாய் திறக்கிறது. எனினும் அவன் கையில் துப்பாக்கி இருப்பதால், அவன் சொல்லைக் காட்டிலும் அச்சமே காண்போர் நெஞ்சில் நிற்கிறது.

படத்தின் இறுதியில், ஃபிரான்சுவாஸ் அனுப்பிய குழுப்படத்தை இணைய மையமொன்றில் ரிச்சர்ட் பார்த்து நெகிழ்கிறான். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதை நாம் அறிவோம். இங்கும் இரங்கல் உண்டு. அது கைவிட்டுப்போன தம் இளமை நாள்களுக்கான இரங்கல், அந்நிலத்துக்கானதன்று.

மேலும், நாவலின் தீவு தாய்லாந்து வளைகுடாவில் உள்ளது. படமோ 1999ஆம் ஆண்டில் அந்தமான் கடற்புறத்தில், கிராபி மாநிலத்தைச் சேர்ந்த பீ பீ லே தீவின் மாயா விரிகுடாவில் எடுக்கப்பட்டது. அங்கிருந்த மணல்மேடுகள் மாற்றப்பட்டுத் தென்னைகள் நடப்பட்டன. எதிர்ப்பு எழுந்தது; வழக்கும் தொடரப்பட்டது. கடற்கரை என்றால் தென்னை இருக்க வேண்டும் என்னும் எண்ணத்துக்கேற்ப, உள்ள நிலமே திருத்தப்பட்டது. அத்தீவின் குகையொன்றில் மூங்கில் சாரங்களில் ஏறிப் பறவைக்கூடு எடுக்கும் தொழில் நெடுங்காலமாக நடந்து வந்துள்ளது. அத்தொழிலுக்குப் படத்தில் இடமில்லை. இல்லாத மரம் வந்தது. இருந்த தொழில் மறைந்தது.

இதன் விளைவு கலையுலகோடு நிற்கவில்லை. படத்தில் கண்ட கடற்கரையைத் தேடி நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் மாயா விரிகுடாவுக்கு வந்தனர். பவளப்பாறைகள் சிதைந்தன. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது மூடப்பட்டு, 2022ஆம் ஆண்டு ஜனவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதன்பின் படகுகள் விரிகுடாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. மூடியிருந்த காலத்தில் சுறாக்கள் அங்கே திரும்பி வந்தன. நாவலில் பயணியரைக் கொல்வது சுறா. மெய்யுலகிலோ சுறாவை விரட்டியவர் பயணியரே.

நற்றிணை தரும் மறுமொழி

வெளியிலிருந்து கடற்கரைக்கு வருபவனைப் பற்றி நம் இலக்கியம் என்ன கூறுகிறது? நற்றிணையின் 45ஆம் பாடலில் நகரத்துச் செல்வன் மகன் ஒருவன் பரதவர் மகளை விரும்பி வருகிறான். தோழி அவனுக்கு மறுமொழி கூறுகிறாள். இவள் கடல் கலங்கப் புகுந்து மீன் பிடிப்போர் மகள். நீயோ கடைத்தெரு நிறைந்த ஊரின் செல்வன் மகன். சுறாவை அறுத்து உலர்த்திப் பறவை ஓட்டும் எங்களிடம் புலால் நாறும். அகன்று நில் என்கிறாள். தம் வாழ்வு சிறிதாயினும் அதிலும் செம்மல் உண்டு என்று அவள் முடிக்கிறாள்.

சேட்படுத்தல் என்னும் துறையை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலும், இப்பாடல் நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. வந்தவன் கேட்கிறான், நிலத்துக்குரியவள் விடை சொல்கிறாள். அவள் சொல்லில் உணவு உண்டு, தொழில் உண்டு, நாற்றம் உண்டு, தன்மதிப்பு உண்டு. ‘தி பீச்’சில் ஓராண்டு அல்ல, பல ஆண்டுகள் தங்கியவர்க்கும் இத்தகைய விடை கிட்டவில்லை. அவர்கள் வினவவே இல்லை.

முடிவுரை

இது மேலைநாட்டு எழுத்துக்கு மட்டும் உரிய குறையன்று. நம் மாணவர் எழுதும் விடுமுறைக் கட்டுரைகளை நினைத்துப் பார்ப்போம். வெண்மணல், இளந்தென்றல், தென்னங்கீற்று, மறையும் கதிரவன் எனத் தொடர்கள் வரிசையாக வருகின்றன. லங்காவி, தியோமான், பெர்ஹெந்தியான் ஆகியவற்றுள் எது என்று தலைப்பை நீக்கினால் தெரியாது. படகோட்டியும் மீன் உலர்த்துபவரும் அறை துப்புரவு செய்பவரும் அக்கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. இத்தொடர்களை மனப்பாடம் செய்யக் கொடுத்தவர் நாமே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல், கரு, உரி என்பவற்றைத் தேர்வுக்குரிய பட்டியலாக மட்டும் கற்பிக்கும் வரை அவை மாணவருக்குப் பழம்பொருளாகவே இருக்கும். கடற்கரைக்குச் சென்று வந்த மாணவனிடம், “அங்கே யாரைக் கண்டாய்? அவர் பெயரென்ன? அவர் என்ன தொழில் செய்தார்?” என்று ஆசிரியர் வினவுவாராயின், திணைக்கோட்பாடு வகுப்பறையில் உயிர்பெறும். ‘தி பீச்’ நாவலையும் படத்தையும் உயர்வகுப்பு மாணவருக்கு நற்றிணைப் பாடலோடு அருகருகே வைத்துக் கற்பிப்பது அதற்கொரு நல்ல தொடக்கமாக அமையும் என்பது நம் துணிபு.