நன்னூல் காட்டும் மடற்பனை

நன்னூல் இலக்கண நூலே. எனினும் அதன் பொதுப்பாயிரம் பணியிடத்துக்கும் பொருந்தும். கோலாரைப் பழந்தலைநகராகக் கொண்ட கங்கர் மரபினனாகிய சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றியது அது.

ஆசிரியர் ஆகாதாருக்கு அவர் கூறும் உவமைகளுள் மடற்பனை தலைசிறந்தது. அதில் கனியுண்டு, கழிக்கப்படாத கருக்குமட்டைகளோ எவரையும் ஏறவிடா. தானாக உதிர்வதே பிறர்க்குக் கிட்டும். கற்பிக்கத் தகாத மாணாக்கரையும் அவர் வகுத்துரைக்கிறார். ஆகவே, கொள்வோன் தகுதி நோக்கி மறுத்தலை நூல் ஏற்கிறது. கொடுப்போன் அழுக்காற்றால் மறைத்தலைக் கடிகிறது. இவ்வேறுபாடே அதன் நுட்பம்.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஆலைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் நம்மவருள், தொழில் நுணுக்கத்தை இளையோர்க்கு உரைத்தால் தம் இடம் பறிபோகுமோ என அஞ்சுவோர் உண்டு. பிழைக்க வந்த ஊரில் அவ்வச்சம் இயல்பே. ஆயினும், நமக்கும் எவரோ ஒருவர் கற்பித்ததாலேயே இங்கு வேரூன்றினோம். மட்டை கழித்த பனையில்தான் ஏறமுடியும். கழிக்க வேண்டியவர் மூத்தோரே.