நண்பனும் எமனும்

“பவேரியா பூசணம் தீமை செய்யும் பூச்சிகளைக் கொல்லும்; நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தீங்கில்லை” என்று விளக்கக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். முற்பாதி மெய், பிற்பாதியை அப்படியே ஏற்பதற்கில்லை.

இப்பூசணம் அறிவியலுக்கு அறிமுகமானதே பட்டுப்புழுவின் எமனாகத்தான். நோயுற்ற புழு சுண்ணாம்புக்கட்டி போல வெளுத்து இறுகிவிடும். நுண்ணுயிரே இதற்குக் காரணம் என்று 1835-இல் இத்தாலியரான அகஸ்டினோ பாசி நிறுவினார். ‘பவேரியா பாசியானா’ என்ற பெயர் அவர் நினைவாக அமைந்ததே.

இதன் வித்துகள் பூச்சியின் உடல்மேல் ஒட்டி முளைத்து, தோலைத் துளைத்து உட்புகுகின்றன. ‘நல்லது, கெட்டது’ என்பது நாம் வகுத்த பாகுபாடு; பூசணம் அதை அறியாது.

இரசாயன நஞ்சைக் குறைக்க இது அருந்துணைதான். ஆயினும், ‘பட்டுப்புழு வளர்ப்பிடத்துக்கும் மல்பெரித் தோட்டத்துக்கும் அருகில் தெளிக்காதீர்’ என்ற ஒரு வரியேனும் குறிப்பில் இருக்க வேண்டாமா? அதைப் படிக்காத உழவரின் நண்பன், பக்கத்து வீட்டுப் புழுத்தட்டில் எமனாகிவிடுவான்.