காலநிலைச் சான்றும் மேட்டுநிலத்தின் உயர்ச்சியும்: ஒரு விமரிசன நோக்கு

திபெத்து மேட்டுநிலம் எப்போது உயர்ந்தது என்னும் வினாவுக்குப் பாறைகள் நேரடியாக விடை தருவதில்லை. பாறையின் வயதை அளக்கலாம். எவ்வளவு ஆழத்திலிருந்து அது மேலே வந்தது என்பதையும் ஒருவாறு கணிக்கலாம். ஆயின், முன்னொரு காலத்தில் அந்நிலத்தின் மேற்பரப்பு கடல்மட்டத்துக்கு எத்துணை மேலே நின்றது என்பதைப் பாறை பொறித்து வைப்பதில்லை. எனவேதான் ஆய்வாளர் இலைச் சுவடுகளையும் மகரந்தத்தையும் ஏரிச் சுண்ணாம்பையும் நாடினர். இவை கூறுவதோ குளிரையும் மழையையும் பற்றியே. குளிரை உயரமாகப் பெயர்த்துரைக்கும் இடத்திலேயே இத்துறையின் வலுவும் வழுவும் தங்கியுள்ளன.

சீன மலையேறிகள் சிசபங்மா சிகரத்தை முதன்முதலாக அடைந்த 1964ஆம் ஆண்டிலேயே, அம்மலையில் 5,700 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் ஓக்கு மர இலைகளின் சுவடுகள் கிடைத்தன. 1973இல் தாவரவியலாளர் சூ ஜென்னும் துணைவரும் அவற்றை ஆராய்ந்து, அவ்வினம் இன்று வாழும் உயரத்தோடு ஒப்பிட்டு, பிளியோசீன் காலத்தின் பின் அந்நிலம் ஏறத்தாழ 3,000 மீற்றர் உயர்ந்தது என முடிவு செய்தனர். எளிமையான கழித்தற் கணக்கு. அதன் எளிமையே அதன் குறை. இவ்வோக்கு இன்று 2,000 மீற்றர் தொடங்கி 3,500 மீற்றருக்கு மேலும் வளர்கின்றது. எவ்வுயரத்தைத் தேர்வது என்பதிலேயே ஓராயிரம் மீற்றருக்கு மேல் மாறுபட இடமுண்டு. அன்றியும், பிளியோசீன் உலகு இன்றைய உலகினும் வெப்பமானது. கிலோமீற்றருக்கு ஆறு பாகை வீதம் வெப்பநிலை குறைவதாகக் கொண்டால், உலகு மூன்று பாகை குளிர்ந்தமை மட்டுமே 500 மீற்றர் உயர்ச்சியாக வேடம் பூண்டு நிற்கும்.

இவ்வேடத்தைக் கலைத்த பெருமை 1990இல் 'நேச்சர்' இதழில் பீற்றர் மோல்னரும் பிலிப் இங்கிலண்டும் எழுதிய கட்டுரைக்கு உரியது. கோழியா முட்டையா முந்தியது என்ற பழைய வினாவையே அவர்கள் தலைப்பில் வைத்தனர். பாறை மேலெழுவது வேறு, நிலத்தின் மேற்பரப்பு உயர்வது வேறு என்று அவர்கள் வற்புறுத்தினர். ஆறுகளும் பனியாறுகளும் நிலத்தை அரிக்கும்போது சுமை குறைகின்றது. அகற்றப்பட்ட தடிப்பில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு அளவுக்குப் புவியோடு மீண்டும் மேலெழுகின்றது. பள்ளத்தாக்குகள் மட்டும் ஆழமாக வெட்டப்பட்டால் சிகரங்கள் உயரலாம்; சராசரி உயரமோ குறையும். அரிப்பைக் கடுமையாக்கியது காலநிலையே எனின், மலை உயர்ந்ததற்கான சான்று எனப்பட்டவற்றுட் பல, காலநிலை மாறியதற்கான சான்றாகவே எஞ்சும். மலை உயர்ந்ததால் பாறை அழிவு மிகுந்து, காபனீரொட்சைட்டுக் குறைந்து, உலகு குளிர்ந்தது என 1992இல் றேமோவும் றடிமனும் விரித்துரைத்த கருத்தை ஏற்போரும் இத்தடையைத் தாண்டியாக வேண்டும். குளிரைக் கொண்டு உயர்ச்சியை நிறுவி, அவ்வுயர்ச்சியைக் கொண்டே குளிரை விளக்குவது ஒரே வட்டத்தைச் சுற்றி வருவதாகும்.

வியப்பு யாதெனில், எச்சரித்தவர்களே மூன்றாண்டுகளில் அவ்வட்டத்தின் விளிம்புக்கு வந்தமை. 1993இல் மாட்டினோட்டுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் திபெத்து ஆயிரம் மீற்றரோ அதற்கு மேலோ உயர்ந்தது என்பதற்கு, இந்தியப் பருவக்காற்று வலுப்பெற்றமையையும் அவர்கள் ஆதரவாகக் காட்டினர். பிளவுகளும் இந்து சமுத்திரத் தரையின் மடிப்புகளும் அவர்களுக்குத் துணை நின்றன என்பது உண்மையே. ஆயினும், பருவக்காற்றுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்ட பாகிஸ்தானின் புல்வெளி மாற்றம் ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்திருந்தமை பின்னர் வெளிப்பட்டது. உலகு தழுவிய மாற்றத்துக்கு ஒரு மேட்டுநிலத்தைக் காரணங் காட்டுதல் பொருந்தாது.

மோல்னரும் பங்கு கொண்டு வகுத்த வெப்பவுள்ளுறை முறை இதனினும் சிறந்தது. இலையின் வடிவத்திலிருந்து காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் கணித்து, அதே காலத்துக் கடற்கரைத் தாவரங்களோடு ஒப்பிடுவதால், உலகு முழுவதும் குளிர்ந்தமை தானாகவே கழிந்துவிடுகின்றது. இம்முறையால் 2003இல் றொபேட் ஸ்பைசர் குழுவினர், தென் திபெத்தின் நம்லிங் வடிநிலம் 150 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே 4,689 மீற்றர் உயரத்தில், இன்றைய அளவிலேயே, இருந்தது என்றனர். வழு எல்லை 895 மீற்றர். ஆயிரம் மீற்றர் உயர்ச்சியை மறுக்க இது மட்டுமட்டாகவே போதும்.

உண்மையான முரண் லுன்போலா வடிநிலத்தில் எழுந்தது. ஈரக்காற்று மலையேறும்போது பாரமான ஒட்சிசன் முதலிற் பொழிந்துவிடுவதால், உயரத்து மழைநீர் இலேசானது; ஏரிச் சுண்ணாம்பு அதனைப் பேணுகின்றது. இதனைக் கொண்டு 2006இல் றௌலியும் கறீயும், 350 இலட்சம் ஆண்டுகளாக இவ்வடிநிலம் 4,000 மீற்றருக்கு மேலேயே இருந்தது என்றனர். 2019இலோ, சீன ஆய்வாளரோடு ஸ்பைசரும் சேர்ந்து, 255 இலட்சம் ஆண்டு வயதுடைய பனையினத்து ஓலைச் சுவடுகளை அங்கிருந்தே வெளிக்கொணர்ந்தனர். கடுங்குளிர் தாங்காத அத்தாவரம் வளர்ந்த இடம் 2,300 மீற்றருக்கு மேற்பட்டிருக்க முடியாது என்பது அவர்கள் கணிப்பு. அவ்வாண்டிலேயே பொட்சுன் குழுவினர், இயோசீன் காலத்து மழை இன்றைய விதிப்படி பெய்ததன்று எனக் காலநிலை மாதிரியாற் காட்டி, பழைய ஒட்சிசன் அளவுகளையும் தாழ்ந்த திபெத்துக்கே சான்றாக்கினர்.

இருபுறமும் உயர்ந்த மலைத்தொடர்கள், நடுவே தாழ்ந்த பள்ளத்தாக்கு. சுண்ணாம்பு முகட்டின் மழையைப் பேசுகின்றது, ஓலை அடிநிலத்தின் வெப்பத்தைப் பேசுகின்றது. ஸ்பைசர் முதலியோரின் இவ்விளக்கம் கவர்ச்சியானது. மேட்டுநிலம் ஒரே பலகையாக எழுந்தது என்ற எண்ணத்தையே அது கைவிடச் செய்கின்றது. ஆனால், முரண்படும் ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு பள்ளத்தாக்கைத் தோண்டிக் கொடுக்கத் தொடங்கினால், எதனையும் பொய்யென நிறுவ இயலாது போகும். இதனைச் சோதிக்க, ஓலையின் வயதையே உடைய சான்று பக்கத்து முகடுகளிலிருந்து கிடைக்க வேண்டும். முகடுகளோ படிவுகளைச் சேமிப்பனவல்ல. அரிப்புக்கு முதலில் இரையாவன அவையே.