பொருநைக் கரை மரவேலை: மரபும் தரமும்

பழைய நாற்காலியைக் காட்டினால் அதே மாதிரி புதிதாகச் செய்துதர ஆட்கள் இருக்கிறார்கள். உருவம் அச்சாக வந்துவிடும். ஆனால் இணைப்பும் பசையும் பூச்சும் பழைய முறைப்படி இல்லாவிட்டால் அதை மறுபடைப்பு என்று ஏற்க மனம் ஒப்பவில்லை.

அந்தப் பழைய முறையில், பொருநை எனும் தாமிரபரணிக் கரையான நம் பகுதியில் மூன்று வழிகளைக் காண்கிறோம். முதலாவது கோயில் தச்சு. நெல்லையப்பர் கோயில் தாமிர சபையின் மரச் சிற்பங்களைப் பொறுமையாக நின்று பார்க்க வேண்டும். கழுந்தும் துளையும் கவ்வும் பிடிப்பே இந்த வழியின் பலம், பசை இரண்டாம்பட்சம். வீட்டு நிலை, பத்தாயம், ஊஞ்சல் எல்லாம் இதைச் சேர்ந்தவை.

அடுத்தது அம்பாசமுத்திரம் கடைசல். சிறுவர் விளையாடும் மரச் செப்புச் சாமான்களால் பெயர்பெற்றது. மஞ்சள் கடம்பு அதற்கு உகந்த மரம். கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி நிறம் ஏறும். மேலே தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். தூரிகையும் வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம்.

மூன்றாவது, 19ஆம் நூற்றாண்டில் மிஷன் பங்களாக்களோடு பாளையங்கோட்டைப் பக்கம் வேரூன்றிய பாணி: பிரம்பு நாற்காலி, சாய்வு நாற்காலி, வட்ட மேசை. இதில் வஜ்ரப் பசையும் அரக்குப் பாலிஷும் முக்கியம்.

வஜ்ரம் என்பது தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது. இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து இளக்க வேண்டும். கொதித்தால் பலம் போய்விடும். தேக்குப் பலகைமேல் மெல்லிய ஈட்டி மரத் தகட்டை ஒட்டும்போது, பசை ஆறுவதற்குள் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தள்ளி உபரிப் பசையை வெளியேற்ற வேண்டும். இது இன்று நேற்று வந்த வித்தையல்ல. எகிப்தில் சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முந்தைய ரெக்மிரே என்பவரின் கல்லறை ஓவியத்தில், தச்சர்கள் வேலை செய்யும் இடத்தில் அடுப்பில் பசைச் சட்டி இருக்கிறது.

வஜ்ரத்துக்கு ஈரம் ஆகாது. அரக்குப் பாலிஷின்மேல் சூடான டம்ளரை வைத்தால் வெள்ளைத் தடம் விழும். குறைகள்தான். ஆனாலும் வஜ்ரம் வெந்நீர்ச் சூட்டில் இளகும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பேரன் காலத்தில் கால் ஆடினால், அன்றைய ஆசாரி மரத்தைச் சிதைக்காமல் பிரித்துச் சேர்க்கலாம். செயற்கைப் பசையில் ஒட்டியதைப் பிரிக்கப்போனால் பெரும்பாலும் மரம்தான் பிளக்கிறது. ஆகவே, கோயில் தச்சின் இணைப்பு, அதற்குத் துணையாக வஜ்ரம், மேலே அரக்கு: இம்மூன்றும் கூடிய சாமானே தரமானது என்பேன்.

வேலை கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுக்கும்முன், என்ன பசை, என்ன பாலிஷ் என்று ஆசாரியிடம் கேளுங்கள். நாளும் கூலியும் கூடினால் மனமுவந்து கொடுங்கள். கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் கடைசல் கால் வேண்டுமானால் அம்பாசமுத்திரத்துப் பட்டறைகளில் கடையச் சொல்லுங்கள்.