எழுதும் தூதரும் கேட்கும் செவியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரஷ்யச் சந்தைக்கென அனுப்பப்பட்ட குழாய்க் கிராமபோனைக் கலைப்படைப்பாகக் கருதித் திறனாய்வு செய்வது பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. ஒரு நூலை மதிப்பிடும்போது அது எதை வாக்களிக்கிறது, எதை நிறைவேற்றுகிறது என்று பார்க்கிறோம் அல்லவா? அதே உரைகல்லை இங்கும் பயன்படுத்தலாம்.

தோற்றத்தில் குறை கூற இடமில்லை. சாவியால் முறுக்கும் வில், சுழலும் தட்டு, எஃகு ஊசி, ஊசியின் நடுக்கத்தை ஏற்கும் அப்பிரகத் தகடு, அம்மெல்லொலியை அறை நிறையப் பரப்பும் ஊமத்தம்பூ வடிவக் குழாய். மின்சாரம் இல்லை. ஒலி பிறந்து வெளியேறும் வழியை எளிதில் அறியலாம். இவ்வளவு ஒளிவுமறைவற்ற கருவிகள் அரிது.

ஆனால் அதன் வணிக முத்திரை வேறொன்றை வாக்களித்தது. இலண்டன் கிராமபோன் கம்பெனியின் முத்திரையில், இசைத்தட்டின்மீது அமர்ந்து இறகால் எழுதும் வானதூதர் இருந்தார். இரஷ்யர் அவரை ‘எழுதும் அமூர்’ என்றனர். அமூர், உரோமைப் புராணத்தின் காதல் தேவன். நம் நம்பிக்கை மரபில் வானதூதர் எழுதும் ஏட்டில் எளியவர் பெயரும் விடுபடாது. அமூரோ தான் தேர்ந்தவர்மீதே அம்பு தொடுப்பவன். உண்மையில் இக்கருவிக்குப் பின்னைய பெயரே பொருத்தமானது.

ஏனெனில், அந்நாளைய பதிவில் ஒலிவாங்கி கிடையாது. பாடுவோர் குழாயினுள் உரக்கப் பாடவேண்டும். மெலிந்த குரல் தட்டில் ஏறாது. ஷால்யாபினின் வலிய குரல் ஏறியது. 1901-இல் இரஷ்யாவில் முதன்முதல் வெளிவந்த சிவப்புச் சீட்டு இசைத்தட்டுகள், புகழ்பெற்றோர் குரலுக்குத் தனி விலையும் குறித்தன.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. எடிசன் 1877-இல் உருவாக்கிய ஃபோனோகிராஃப், ஒலியைப் பதியவும் செய்தது. திரும்ப ஒலிக்கவும் செய்தது. அவ்வகைக் கருவியைக் கொண்டே யெவ்கேனியா லினியோவா இரஷ்ய உழவர்களின் பாடல்களைப் பதிந்தார். 1887-இல் எமில் பெர்லினர் காப்புரிமை கோரிய கிராமபோனோ, வாங்கியவரைக் கேட்பவராக மட்டுமே வைத்தது. வீட்டுத் தலைவியின் தாலாட்டு அதில் ஏறாது. குழாய் பேசும், நாம் மறுமொழி கூற இயலாது.

எனினும் அதன் அருங்கொடையை மறுப்பது நன்றியன்று. 1909-இல் தல்ஸ்தோயின் குரலை நான்கு மொழிகளில் இக்கம்பெனி பதிந்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார். இன்றும் அக்குரலைக் கேட்கிறோம். புரட்சிக்குப்பின், 1919 முதல் 1921 வரை இலெனினின் உரைகளும் இசைத்தட்டுகளில் பதிவாயின. செல்வர் கூடத்தை அலங்கரித்த அதே வகைக் குழாய், அச்செல்வரின் உலகைச் சாய்த்தவரின் குரலையும் தயங்காமல் முழங்கியது!

ஆகவே என் தீர்ப்பு இது: வேலைப்பாட்டில் நேர்த்தி, வாக்களித்ததில் மிகை. எழுதும் தூதருக்கு நன்மை தீமையைத் தேர்ந்தறியும் கண் வேண்டும். இக்கருவிக்கு அது இல்லை. தேர்ந்தறியும் பொறுப்பு முழுவதும் கேட்பவர் செவியில் விழுகிறது. நம் கூடங்களில் இன்று பேசும் பெட்டிகள் பலவாயின. அவற்றின் முன் அமரும் நாம் அப்பொறுப்பை ஏற்கிறோமா? அவற்றில் ஏறாத மெலிந்த குரல்கள் நம் வீட்டிலேயே உண்டு என்பதை நினைக்கிறோமா?