தலைப்பு கொடுத்தால் கவிதை வருமா?

கொஞ்ச நாள் முன்னாடி நெய்வேலியில் ஒரு பள்ளிக் கவிதைப் போட்டிக்கு நடுவராக உட்கார வேண்டி வந்தது. என் தகுதி என்ன என்று கேட்காதீர்கள். பி.இ. முடித்துவிட்டு கோடு எழுதிப் பிழைக்கிறவன். பொழுது கிடைத்தால் சங்கப் பாட்டைப் புரட்டுகிறவன், அவ்வளவுதான்.

தலைப்பு ‘மரம்’. பெரும்பாலான தாள்களில் மரம் மழை தந்தது, காற்று தந்தது, அதை வெட்டாதீர் என்று கடைசி வரி கேட்டுக்கொண்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தது. அப்பா ரிட்டயர் ஆகப் போகிறார், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும், கொல்லையில் இருக்கிற பலா புதுசா வர்றவங்களுக்கும் காய்க்குமா என்று கேட்டு முடித்திருந்தது. பத்துக்கு நாலு போட்டேன். ‘தலைப்பை ஒட்டி இல்லை’ என்று ஓரத்தில் எழுதியும் வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

தமிழில் குழந்தைப் பாடலுக்குப் பஞ்சமே இல்லை. பாரதி, கவிமணி, அழ. வள்ளியப்பா என்று பெரிய வரிசை இருக்கிறது. ஆனால் இவை பெரியவர்கள் குழந்தைகளுக்காகப் பாடியவை. வள்ளியப்பாவிடம் விளையாட்டும் கேலியும் நிறைய உண்டு. நாம் போட்டிக்கு எடுத்துக்கொண்டது புத்திமதியை மட்டும்தான். அதனால் பேனாவைக் கையில் எடுத்ததும் பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஐம்பது வயசு ஆள் மாதிரி ஊருக்கு உபதேசம் பண்ண ஆரம்பித்துவிடுகிறது. அதன் சொந்தக் குரல் தாளுக்கு வருவதே இல்லை.

அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக் 1968-ல் நியூயார்க்கின் பி.எஸ். 61 என்ற அரசுப் பள்ளியில் கவிதை சொல்லிக்கொடுக்கப் போனார். அந்த அனுபவம்தான் 1970-ல் வந்த ‘விஷஸ், லைஸ் அண்ட் ட்ரீம்ஸ்’ புத்தகம். அவர் பிள்ளைகளுக்குத் தலைப்பைக் கொடுத்து விட்டுவிடவில்லை. வரியைத் தொடங்க ஒரு பிடி கொடுத்தார். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆசையைச் சொல்லு. அல்லது ‘முன்னே நான் இப்படி, இப்போ இப்படி’ என்று எழுது.

இந்த இரண்டாவதைப் படித்ததும் எனக்குப் புறநானூறு 112 ஞாபகம் வந்தது. பறம்பு மலையை இழந்த பாரியின் மகளிர் பாடியதாக வரும் ஐந்தடிப் பாட்டு. அதன் கட்டுமானமே இந்த அன்று-இன்று தான்: போன மாச நிலவில் அப்பாவும் மலையும் இருந்தார்கள், இந்த மாச நிலவில் இரண்டும் இல்லை. துக்கம், கண்ணீர் என்று ஒரு சொல் கிடையாது. எங்கள் காலத்தில் இதை மனப்பாடம் பண்ணினோம். துறை கையறுநிலை என்று எழுதினால் மார்க். ‘உன் வீட்டு அன்று-இன்றை எழுதிப் பாரேன்’ என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

ஒரு இடத்தில் கோக்கோடு நான் ஒத்துப்போகவில்லை. இயைபைத் தேடுகிற பிள்ளை சொல்ல வந்ததை விட்டுவிடும் என்று அதைத் தவிர்க்கச் சொன்னார். சினிமாப் பாட்டு மாதிரி வரிக் கடைசியை முட்டவைக்கிற பழக்கத்துக்கு அது சரி. மோனையோ நம் பிள்ளைகள் வாயில் விளையாட்டுப் பாட்டிலிருந்தே ஊறியது. தடுக்கவும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம். இன்னொன்று, பிடியும் சீக்கிரமே டெம்ப்ளேட் ஆகிவிடும். இரண்டு மூன்று வகுப்புக்கு மேல் அதையே கொடுக்கக் கூடாது.

நெய்வேலியில் அன்று-இன்றுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. குவார்ட்டர்ஸ் பிள்ளைக்கு அப்பாவின் ரிட்டயர்மெண்ட் தேதி. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைக்குச் சுரங்கத்துக்குப் போன நிலம். 2023 ஜூலையில் வளையமாதேவி வயல்களில் கால்வாய் வெட்ட நெற்பயிர் மேலேயே இயந்திரம் இறங்கியதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். ஒன்று தனக்குச் சொந்தமில்லாத வீட்டை விடுகிறது, இன்னொன்று சொந்த மண்ணை. இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். ஒன்று எழுதியதை மற்றது வாசிக்கக் கேட்டிருக்குமா?

எங்கள் அப்பா ரிட்டயர் ஆனபோது நாங்களும்தான் வீட்டைக் காலி பண்ணினோம். வாசல் வேப்பமரத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் ஒரு வரி எழுதியதில்லை.

மறுநாள் போன் பண்ணி அந்தத் தாளை மறுபடி பார்க்கலாமா என்று கேட்டேன். பரிசு அறிவிச்சாச்சு சார், தாளெல்லாம் கட்டி வெச்சாச்சு என்றார்கள்.